புளோயருக்குப் போட்ட மாலை

எளாவூர்,
14.7.2024

அன்புத் தங்கை சாராளுக்கு அண்ணன் பாக்கியநாதன் எழுதுவது. இந்த வீட்டில் என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். நீயும் உன் ரத்தக் கொதிப்பும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று உன் அண்ணி சிரித்தாள். போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகிறது. வாட்சப்பில் எழுதினால் நீ அதைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிடுகிறாய். உனக்கு மட்டும் எழுதிய என் மூலநோய் விவரத்துக்குக் குழு முழுவதும் கைகூப்பியிருந்தது. ஆகவே தபால்.

உன் மகன் பென்னி பத்திரமாக வந்து சேர்ந்தான். தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு மெக்கானிகல் டிப்ளமோவுக்கு அங்கே என்ன மதிப்பு என்று நீ கேட்டது சரிதான். இங்கே கும்மிடிப்பூண்டியில் மதிப்பு இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது. எங்கள் மேனேஜர் அன்புசெல்வன் அவனைப் பராமரிப்புப் பிரிவில் பயிற்சிப் பணியாளாக எடுத்துக்கொண்டார். நடத்தை பார்த்து ஏப்ரலில் நிரந்தரம் செய்வாராம்.

என் வேலை என்ன என்று பென்னி கேட்டான். உனக்கும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் கம்பெனி சாயம் செய்கிறது. அதன் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பகுதிக்கு நான் ஆபரேட்டர். அங்கே புளோயர் என்ற மெஷின் தொட்டிக்குள் காற்றை அடிக்க வேண்டும். காற்று இருந்தால் தொட்டியில் உள்ள கிருமிகள் பிழைத்து அழுக்கைத் தின்னும். புளோயர் மின்சாரத்தைத் தின்னும். இந்த இரண்டுக்குமே சாப்பாடு போடுவதில்லை என்று கம்பெனி பல வருடம் முன்பே முடிவு செய்துவிட்டது. ஆய்வுக்கு யாராவது வருவதாகத் தகவல் வந்தால் அன்றைக்கு ஓட்டுவேன். மற்ற நாட்களில் ஓடியதாகப் பதிவேட்டில் எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பது உனக்குத் தெரியுமே.

பதில் போடு.
அண்ணன்

தங்கவயல்,
29.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு, ஸ்தோத்திரம்.

நானும் என் கொதிப்பும் மாத்திரையின் தயவில் இருக்கிறோம். அண்ணியின் கால்வீக்கம் குறைந்ததா? நீ எழுதவில்லை.

பென்னியைச் சேர்த்துவிட்டதற்குக் கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார். இங்கே வீட்டுக்கு வீடு பையன்கள் விடியுமுன் பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் எல்லாரும் என்னைப் பொறாமையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

உன் வேலையைப் பற்றி எழுதியதில் பாதி புரிந்தது. மீதி பாதி புரிய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருடம் சும்மா இருந்தாய், இன்னும் கொஞ்ச நாள் சும்மா இரு. உனக்கு உண்மை பேச வருகிற நாள் எப்போதும் தப்பான நாளாகத்தான் இருக்கும். என்னைப் பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்லச் சொல்லி அம்மா உன்னை அனுப்பினாள். நீ சரியான வயதைச் சொல்லிவிட்டு வந்தாய். ஒரு வருடம் நான் வீட்டில் கோழி மேய்த்தேன்.

பையனுக்குப் புளித்த மோர் ஆகாது. அண்ணியிடம் சொல்.
சாராள்

எளாவூர்,
1.9.2024

அன்புள்ள சாராளுக்கு,

பென்னி நன்றாகச் சாப்பிடுகிறான். உன் அண்ணி அவனுக்காகச் சமைக்கிறாள். மிச்சத்தில் நானும் நன்றாக இருக்கிறேன். அவள் கால்வீக்கம் அப்படியே இருக்கிறது. உனக்கு இருமல் என்று பென்னி சொன்னான், விட்டதா?

போன வாரம் கம்பெனியில் எங்களுக்கு விழுமியப் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து கல்பனா என்ற அம்மையார் வந்திருந்தார். ஏசி அறை, முந்திரி பிஸ்கட். ஆளுக்கு ஒரு வண்ண அட்டை கொடுத்தார்.

"உங்க வாழ்க்கையில எதை விட்டுக்கொடுக்கவே மாட்டீங்களோ, அதை ஒரே வார்த்தையில எழுதுங்க."

எங்கள் வெல்டர் குணா 'ஓவர்டைம்' என்று எழுதினான். உன் மகன் வெகுநேரம் யோசித்துவிட்டு வெறும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். நான் 'நேர்மை' என்று எழுதினேன். பதிவேடு எழுதிப் பழகிய கை, எதற்கும் தயங்குவதில்லை. அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்புசெல்வன் என் அட்டைக்குச் சட்டம் போட்டுப் புளோயர் அறை வாசலில் மாட்டச் சொன்னார்.

பயிற்சி முடிந்து வெளியே வந்தால் கேட்டில் சடையப்பன் நிற்கிறார். எங்கள் கழிவுநீர் போகும் கால்வாயை ஒட்டி நெல் போடுகிறவர். கையில் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில், உள்ளே கால்வாய்த் தண்ணீர், கத்தரிப்பூ நிறத்தில்.

"இன்னா பாக்கியம், இத்த நீ குடிப்பியா?"

"மாட்டேன்."

"உன் மாடு குடிக்குமா?"

"என்கிட்ட மாடு இல்லியே."

"என்கிட்டயும் இப்ப ரெண்டு கம்மி" என்றார். பிறகு, "நாஷ்டா ஆச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் தேவலாம்.

பென்னி பக்கத்தில்தான் நின்றான். வீட்டுக்கு வரும் வழியில் எதுவும் கேட்கவில்லை. காலமான அவன் அப்பாவைப் போல.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

தங்கவயல்,
12.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் விட்டது. இப்போது முதுகு. அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, அப்படியே இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருக்காதே.

நல்ல செய்தி. பென்னிக்கு ஒரு பெண் வந்திருக்கிறது. பெயர் ஸ்நேகா, பி.காம். படித்தவள், சர்ச்சில் பாடுகிறாள். அவள் அப்பா கறாரான ஆள். "ஏப்ரல்ல பர்மனென்ட் ஆர்டர் கையில வரட்டும். வந்த மறுவாரம் நிச்சயம் பண்ணிக்கலாம்" என்றார். பென்னிக்குப் போட்டோ அனுப்பினேன். 'ம்' என்று பதில் போட்டான். அவனுக்கு அது நீண்ட பேச்சு.

ஆகவே அந்தப் பாட்டில்காரரோடு நீ நின்று பேசாதே. மேனேஜர் பார்த்தால் என்ன நினைப்பார்? ஏப்ரல் வரைக்கும்தான் கேட்கிறேன். அதற்குப் பிறகு நீ ஊர் முழுவதற்கும் உண்மை பேசு, நான் வந்து கை தட்டுகிறேன்.

உன் சாராள்

எளாவூர்,
13.10.2024

அன்புள்ள சாராளுக்கு,

முதுகு எப்படி இருக்கிறது? உன் அண்ணியைப் பொன்னேரிக்குக் கூட்டிப் போனேன். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். குறைத்தது என் தட்டில்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கம்பெனியில் எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார்கள். குணா மாலைக் கூடையோடு என் அறைக்கு வந்தான்.

"இன்னாண்ணே, உன் மெஷின் மட்டும் அநாத மாதிரி கீது. இத்துக்கும் போட்டுர்லாமா?"

"பூஜை வேலை செய்யிற மெஷினுக்குத்தானேப்பா?"

"ரிட்டயர் ஆனவங்களுக்கு மாலை போட்றதில்லையா? வுடுண்ணே."

அவன் மனதோடுதான் செய்தான். புளோயரின் பெரிய சக்கரத்தில் சந்தனப் பொட்டு வைத்தான். சக்கரத்தையும் மோட்டாரையும் சேர்த்துக் குறுக்காக ஒரு சாமந்திச் சரம் கட்டினான், மாப்பிள்ளையையும் பெண்ணையும் கட்டுவதுபோல. பென்னி வாழைக்கன்று பிடித்துக்கொண்டான். எங்கள் இருவர் கையிலும் பொரி கொடுத்தார்கள். சாப்பிட்டோம்.

மறுநாள் காலை எல்லாரும் மாலையைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டினார்கள். என் அறைக்கு யாரும் வரவில்லை. அடுத்தவர் சாமிக்குப் போட்டதை நான் கழற்றுவது முறையாக இருக்காது என்று நானும் விட்டுவிட்டேன். ஓட்டுகிற அவசரமும் இல்லை.

கொதிப்பு பார்த்துக்கொண்டாயா?
அண்ணன்

எளாவூர்,
24.11.2024

அன்புள்ள சாராளுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. முதுகு என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே மழை. எல்லாருக்கும் சளி, கம்பெனிக்கும் கொஞ்சம்.

புதன்கிழமை தகவல் எதுவும் இல்லாமல் ஒரு ஜீப் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து அருணா என்று ஒரு புது அதிகாரி, நம் ஸ்நேகாவைவிடச் சில வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். சடையப்பன் மனு போட்டிருந்தாராம். நேரே என் அறைக்கு வந்தாள். வாசலில் இருந்த 'நேர்மை'யைப் படித்தாள். உள்ளே வந்து புளோயரைப் பார்த்தாள். சாமந்தி காய்ந்து சருகாகிச் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் குறுக்கே அப்படியே இருந்தது. சந்தனப் பொட்டு கலையவில்லை.

"இது என்ன?"

அன்புசெல்வன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஆயுத பூஜைக்குப் போட்டது மேடம்."

"அது போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே."

"சாமிக்குப் போட்டத நாங்க சட்டுனு கழட்டறதில்ல மேடம். மரியாதை."

"சக்கரம் சுத்தினா இந்தச் சரம் அறுந்திருக்குமே?"

அன்புசெல்வன் பெரிய படிப்பு படித்தவர். கொஞ்சம் யோசித்தார். "மெதுவாத்தான் சுத்துவோம் மேடம்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒரு காய்ந்த பூவை எடுத்தாள், கையிலேயே பொடிந்துபோயிற்று. பதிவேட்டைப் புரட்டினாள். தினமும் ஓடியதாக என் அழகான கையெழுத்து. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, நீங்க சொல்லுங்க. இது ஓடுதா?"

பென்னி கதவருகே நின்றுகொண்டிருந்தான். நான் பதில் சொன்னேன். அவள் கிளம்பிப் போனாள்.

ரயில்வே கேட்டில் தண்ணீர் நிற்கிறது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது.
அண்ணன்

தங்கவயல்,
1.12.2024

அண்ணா,

எல்லாரும் சுகம். மழையையும் சைக்கிளையும் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? என்ன பதில் சொன்னாய்?

பென்னியிடம் கேட்டால், "மாமாவையே கேளும்மா" என்கிறான்.

சாராள்

எளாவூர்,
22.12.2024

அன்புள்ள சாராளுக்கு,

உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இங்கே நட்சத்திரம் கட்டிவிட்டோம். பென்னிதான் ஏறிக் கட்டினான்.

'ஓடலை' என்று சொன்னேன்.

வீரம் என்று நினைத்துவிடாதே. பதிவேட்டில் எழுதும்போது எதிரே யாரும் இருப்பதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்குக் களைப்பாக இருந்தது. பொய் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு இன்னொரு பொய்யைத் தேட வேண்டும். உண்மையைச் சொன்னேன், அடுத்த கேள்வியே வரவில்லை. முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அபராதம் போட்டார்கள். மெஷினை ஓட்டாமல் சேமித்த மின்கட்டணத்தில் அதைக் கட்டியும் கம்பெனிக்கு மீதி இருந்தது. அன்புசெல்வன் என்னைக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன்.

"பாக்கியம், எனக்கு உங்க மேல கோவமே இல்ல. நேர்மையா இருந்ததுக்கு ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா நமக்குத்தான் அசிங்கம். உங்க கண்ணு நல்லா இருக்கு, கேட்ல உக்காருங்க. அதிகாரிங்க வண்டி வந்தா உள்ள ஒரு போன் போடுங்க. அவ்ளோதான் வேலை."

"உள்ள யாரு சார் எடுப்பா?"

"உங்க மருமகன். இனிமே புளோயர் அவன் பொறுப்பு. நீங்க கூப்பிட்டா உடனே ஓட்டுவான். ஏப்ரல்ல அவனுக்கு ஆர்டர். நீங்க கூப்பிடாம விட்டா, மாட்டறது அவன்." பிறகு, "டீ ஆறுது" என்றார்.

நான் சொன்னது அவனுக்குக் கெடுதலாகவில்லை என்பதை மட்டும் நீ பார். வேலை போகவில்லை, பதவி கூடியிருக்கிறது. இப்படி ஒரு தண்டனையைக் கண்டுபிடிக்கத் தனி மூளை வேண்டும்.

அண்ணி உனக்கு அச்சு முறுக்கு அனுப்பியிருக்கிறாள்.
அண்ணன்

தங்கவயல்,
9.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு, ஸ்தோத்திரம்.

கிறிஸ்துமஸுக்கும் வருடப் பிறப்புக்கும் நான் ஒரு வரி போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். முறுக்கு நன்றாக இருந்தது, அண்ணியிடம் சொல். எனக்கு இப்போது தூக்கம் வருவதில்லை, வேறு ஒன்றுமில்லை.

ஸ்நேகா வீட்டில் நிச்சயத்துக்கு ஹால் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டி வந்தால் போன் போடு. நீ பொய் சொல்ல வேண்டாம். 'வண்டி வந்திருக்கிறது' என்று சொல், போதும். வண்டி வந்தது உண்மைதானே? உண்மையைச் சொல்வதில் உனக்கு என்ன கஷ்டம்?

நம் அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்கமாட்டார். எனக்குத் தெரியும். ஆனால் பையனுக்குப் பெண் பார்ப்பது அப்பா இல்லை, நான்.

பதில் எழுத வேண்டாம். செய்தால் போதும்.
சாராள்

எளாவூர்,
6.4.2025

அன்புள்ள சாராளுக்கு,

உன் அண்ணிக்கு வீக்கம் குறைந்திருக்கிறது. நான் இருக்கிறேன். பென்னி நேற்று ரயில் ஏறியதைப் போனில் சொல்லியிருப்பான், காரணத்தைச் சொல்லியிருக்கமாட்டான். அதனால் எழுதுகிறேன்.

பிப்ரவரி கடைசியில் சடையப்பன் கேட்டுக்கு வந்தார். இந்த முறை பாட்டில் இல்லை. "இன்னா பாக்கியம், தண்ணி கலரே மாறிக்கீது. கம்பெனிய மூடிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன இன்னாத்துக்கு இப்படி?" என்று சந்தேகத்தோடு போனார். நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. புளோயர் அறை கம்பெனியின் கடைசி மூலையில் இருக்கிறது. கேட்டுக்கு அதன் சத்தம் வராது.

மார்ச் நடுவில் அந்த ஜீப் வந்தது. சாராள், நான் போனை எடுத்தேன். நீ கேட்டதற்காக என்று சொல்லிக்கொண்டால் எனக்கு வசதியாக இருக்கும். நீ கேட்காவிட்டாலும் எடுத்திருப்பேன்.

"பென்னி, வந்துட்டாங்க. போடு."

"ஓடிக்கினுதான் இருக்கு மாமா."

"எப்பலர்ந்து?"

"இந்த ரூமுக்கு நான் வந்ததுலர்ந்து. தெனமும்."

"யார்ரா உன்ன ஓட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஓட்றதுக்குத்தானே மாமா என்ன அங்க வெச்சிருக்காங்க?"

ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அருணா மேடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். அன்புசெல்வன் பென்னியின் முதுகில் தட்டி, "எவ்ளோ சீக்கிரம் ஸ்டார்ட் பண்ணிட்டான் பாரு!" என்று எல்லாரிடமும் சொன்னார். அப்புறம் பரிசோதனை முடிவு வந்தது. தண்ணீர் சுத்தம். அன்புசெல்வன் அதை இரண்டு முறை படித்தார். போன் வந்த பிறகு ஓட்டினால் இவ்வளவு சுத்தமாகாது என்பது அவருக்குத் தெரியும். மின்சார பில்லை வரவழைத்தார். விஷயம் வெளியே வந்தது.

ஆர்டர் வர வேண்டிய வாரத்தில் பென்னிக்கு வேறொரு கடிதம் கொடுத்தார்கள். 'நிறுவனத்தின் மின்சாரத்தை முன் அனுமதியின்றித் தொடர்ந்து பயன்படுத்திய காரணத்தால்' பயிற்சியை முடித்துக்கொள்கிறார்களாம். குணா கேண்டீனில் கத்தினான்: "மிஷின ஓட்னான்னு ஆள தூக்கறானுங்கோ! நான் வெல்டு வெக்கிறனே, என்ன எப்ப தூக்குவ?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புது ஆள் கிடைக்கும்வரை புளோயர் அறைச் சாவியையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். வண்டி வந்தால் கேட்டிலிருந்து போன் போட வேண்டியவனும் நான், உள்ளே ஓடிப்போய் எடுக்க வேண்டியவனும் நான்.

பையனைத் திட்டாதே. திட்டுவதென்றால் எனக்கு எழுது.
அண்ணன்

தங்கவயல்,
27.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பென்னி சுகமாக வந்து சேர்ந்தான். இளைத்திருக்கிறான். நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவனுக்கு அது தெரிந்ததா என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் நானே சாப்பாடு போட்டுவிட்டு, "மாமா சொல்லித்தான் செஞ்சியா?" என்று கேட்டேன். "மாமா ஒண்ணும் சொல்லல" என்றான். எனக்கு உன் மேல் இருந்த கோபம் பாதி போயிற்று. மீதிப் பாதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நேற்று ஸ்நேகா வீட்டார் வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சொல்ல வேண்டியதை நான் தயார் செய்து வைத்திருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள், நிறையப் பேருக்கு வேலை போயிற்று, இவன் மேல் ஒரு குறையும் இல்லை. யார் தங்கவயலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போய் விசாரிக்கப் போகிறார்கள்? கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன்.

காபி கொடுத்தவுடன் அவள் அப்பா, "பையனை ஏன் நிறுத்தினாங்க?" என்றார். பென்னி என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்திருந்தால் நான் தயார் செய்ததைச் சொல்லியிருப்பேன். "மெஷினை ஓட்டினான், அதுக்காக நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். கதை முழுவதையும் சொன்னேன், சாமந்தி மாலையிலிருந்து மின்சார பில் வரை. நீ அன்றைக்கு என்ன சொன்னாய் என்பதையும் சொன்னேன்.

அவள் அப்பா காபியை முடிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துகொண்டார். அவள் அம்மா பையை எடுத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப அத யாரு ஆன்ட்டி ஓட்றாங்க?"

நான் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அவள் வருவாள், என்னைத் தேடிக்கொண்டும் வருவாள். அதற்கு முன்னால் எனக்குப் பதில் வர வேண்டும்.

சாராள்